22 டிகிரி குளிர்காலம்

சிராங்கூன் ரோடு, சிங்கப்பூர்.
மார்கழி மாதம், ஞாயிறு பகல். வெளியே மழை.

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

போன வாரம் போனில் பேசும்போது அமெரிக்காவில், மினியாபோலிஸில் இருக்கிற மச்சானைப் பற்றிக் கால் மணி நேரம் புகழ்ந்தீர்கள். "மைனஸ் இருபதிலே சைக்கிள் மிதிச்சு ஆபீஸ் போறான் அவன், உனக்கு ரெண்டு தூறலுக்கே தும்மலா?" என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் சைக்கிள் கடைக்குப் பஞ்சர் வந்திருக்கிறது என்று போனை வைத்துவிட்டீர்கள். கடிதத்துக்கு நடுவில் பஞ்சர் வராது என்ற தைரியத்தில் என் தரப்பை எழுதுகிறேன்.

மச்சானைக் குறைத்துச் சொல்லவில்லை. வீடியோவில் தன் சைக்கிளைக் காட்டினான். டயர் முழுக்க ஆணி! நம் கடையில் டயரில் ஆணி இருந்தால் அதைப் பிடுங்கக் காசு வாங்குவோம். அங்கே அதை வைத்து விற்கிறார்கள். டங்ஸ்டன் கார்பைடில் செய்த குட்டிக் குட்டி முனைகள், பனிக்கட்டியைக் கடித்துப் பிடித்துக்கொள்ளுமாம். ஹேண்டில் பாரிலேயே பெரிய கையுறை மாட்டியிருக்கிறது. கையை உள்ளே நுழைத்துத்தான் பிரேக்கைத் தேட வேண்டும். சாலையில் பனி உருக உப்பைக் கொட்டுகிறார்கள், அது செயினைத் தின்கிறது. ஃப்ரீவீலுக்குள் இருக்கும் கிரீஸ் குளிரில் இறுகிவிட்டால் உள்ளே கொக்கிகள் ஒட்டிக்கொண்டு, பெடல் சும்மா சுற்றுமாம், சக்கரம் நகராதாம். இதைக் கேட்டதும் உங்கள் ஞாபகம்தான் வந்தது. ஓவராயிலிங் செய்ய நீங்கள் அங்கே போனால் வைகாசிக்குள் கோடீஸ்வரர்.

ஆனால் ஒன்று. அவன் போகிற பாதை மிட்டவுன் கிரீன்வே என்று பெயர். பழைய ரயில் பாதையைச் சைக்கிளுக்கு விட்டிருக்கிறார்கள், ஏறக்குறைய 9 கிலோமீட்டர். பனி கொட்டினால் வண்டி வந்து வழித்துவிட்டுப் போகிறது. பின்லாந்தில் ஊலு என்று ஓர் ஊர், ஆர்க்டிக் வட்டத்துக்குக் கொஞ்சம் கீழே. அங்கே 2013-ல் குளிர்காலச் சைக்கிள்காரர்களுக்கென்று உலக மாநாடே தொடங்கிவிட்டார்கள். பனியில் மிதிப்பவனுக்கு மாநாடு உண்டு, தனி டயர் உண்டு, சித்தப்பாவின் புகழ்ச்சியும் உண்டு. மழையில் மிதிப்பவனுக்கு என்ன உண்டு? தும்மல்.

இப்போது என் வழக்கின் முக்கியமான சாட்சி. மச்சானை நடுக்குவதும் என்னை நனைப்பதும் வடபாதி உலகத்தின் ஒரே குளிர்காலம்தான். சைபீரியா, சீனா பக்கம் குளிர்ந்து கனத்த காற்று திடீரென்று கிளம்பித் தென்சீனக் கடலைத் தாண்டி வருகிறது. வரும் வழியில் கடல் நீரையெல்லாம் குடித்துவிட்டு, நிலநடுக்கோட்டுக்கு ஒரு டிகிரி சொச்சம் மேலே இருக்கிற இந்தத் தீவின் மேல் கொட்டுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் நம் பட்டுக்கோட்டையை ஒரு கை பார்த்த அதே வடகிழக்குப் பருவம்தான், மார்கழி, தையில் இங்கே. அப்படியானால் எனக்குப் பெய்வது சட்டப்படி குளிர்கால மழை. வழியில் உருகிவிட்டது, அவ்வளவுதான்.

இந்த ஊரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 19 டிகிரி. 1989 பிப்ரவரி 14 அன்று. ஒரே நாளில் அதிகமாகப் பெய்த மழை 512.4 மில்லிமீட்டர், 1978 டிசம்பர் 2 அன்று. இரண்டு சாதனையும் பாய லேபாரில். என் ஆபீஸ் எந்த வட்டாரத்தில் என்று ஞாபகம் இருக்கிறதா? அதேதான். நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் புயலே உருவாகாது என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களைப் பொய்யாக்கி 2001 டிசம்பர் கடைசியில் வாமெய் என்று ஒரு புயல் கிளம்பிப் பக்கத்து ஜொகூரில் கரையேறியது. கஜா புயலைப் பார்த்த உங்களிடம் இதைப் பெரிதாகச் சொல்லக் கூடாது, விடுங்கள்.

2018 ஜனவரியில் சில நாள் 21, 22 டிகிரிக்கு இறங்கியபோது ஊரே சுவெட்டர் போட்டுப் படம் எடுத்துக்கொண்டது. இங்குள்ளவர்கள் இன்னும் அந்த வாரத்தைப் பழைய போர்வீரர்கள் மாதிரி விவரிக்கிறார்கள்.

சரி, நான் சைக்கிளில் போகிற பாதைக்கு வருகிறேன். மச்சான் எனக்கு நாலு விதி சொல்லிக் கொடுத்தான்: டயரில் காற்றைக் கொஞ்சம் குறை, வளைவில் பிரேக்கைத் தொடாதே, சைக்கிளைச் சாய்க்காதே, கண்ணுக்குத் தெரிகிற பனிக்குப் பயப்படாதே, தார் ரோடு மாதிரியே கிடக்கிற மெல்லிய பனிக்கட்டிக்குப் பயப்படு. நாலும் நான் இருக்கிற லிட்டில் இந்தியாவுக்கு அப்படியே பொருந்துகின்றன. மழை நின்ற பத்தாவது நிமிடம் பஃபலோ ரோட்டுக்கு வந்து பாருங்கள். பூக்கடை வாசலில் உதிர்ந்த மல்லிகை, காய்கறிக்கடை வாசலில் வாழையிலைக் கிழிசல், கறிவேப்பிலைக் காம்பு, எல்லாம் ஈரத்தில் தரையோடு தரையாக ஒட்டிக் கிடக்கும். பழைய கடைவீடுகளின் முன்னால் ஐந்தடிப் பாதை என்று ஒரு தாழ்வாரம் உண்டு. தரைக்குப் பூப்போட்ட வழவழ ஓடு. கண் தெரியாதவர்களுக்காகப் பதித்த மேடு மேடான கற்கள், சாக்கடை மூடிய இரும்புக் கம்பிகள், ரோட்டில் அடித்த மஞ்சள் கோடு, ஒவ்வொன்றும் ஈரமானால் மச்சானின் பனிக்கட்டிக்குத் தம்பிதான். அவனுக்காவது தெருவுக்கு ஒரே வழுக்கல். எனக்குத் தேக்கா சந்தையிலிருந்து ரோச்சோர் கால்வாய் போவதற்குள் ஆறேழு ரகம்.

கால்வாய் ஓரம் பிடித்துக் காலாங் நதிக்கரைப் பக்கம் போனால் பூங்கா இணைப்புப் பாதை. பூங்காவையும் பூங்காவையும் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்குமாகக் கோத்த பாதைகள் இவை. தீவு முழுக்க முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடுகின்றன. முதலில் போட்டவற்றில் ஒன்று இந்தக் காலாங் பக்கத்துப் பாதைதான், 1990-களின் தொடக்கத்தில். நிழலுக்குத் தூங்குமூஞ்சி மரங்கள். மழைக்காலத்தில் அந்த நிழலே வில்லன். வெயில் விழாத இடத்தில் பாசி பிடிக்கிறது. துப்புரவுப் பணியாளர்கள் தண்ணீரைப் பீய்ச்சித் தேய்க்கிறார்கள். அதற்குள் அடுத்த மழை.

வேகத்துக்கும் சட்டம் உண்டு. இணைப்புப் பாதையில் மணிக்கு 25 கிலோமீட்டர், நடைபாதையில் 10. இந்தப் பத்தை 2019-ல் பதினைந்திலிருந்து குறைத்தார்கள். மணிக்குப் பத்து கிலோமீட்டரில் சைக்கிள் விட்டுப் பார்த்திருக்கிறீர்களா? நான் சட்டத்தை மதித்துப் போய்க்கொண்டிருக்கும்போது, வெள்ளை அரைக்கால் சட்டை போட்ட சீனத் தாத்தா ஒருவர் ஓட்டப்பயிற்சியில் என்னைத் தாண்டிப் போவார். தாண்டும்போது "மெதுவா, மெதுவா, வழுக்கும்" என்று மலாயில் எச்சரிக்கை வேறு. அவரைவிட வேகமாகப் போனால் குற்றம், மெதுவாகப் போனால் மானக்கேடு.

இன்னொரு போக்குவரத்தும் உண்டு: நீர்நாய்கள். காலாங் பக்கம் குடும்பம் குடும்பமாக இருக்கின்றன. ஒருமுறை இவை ரோட்டைக் கடக்கப் போலீசார் வண்டிகளையே நிறுத்தியிருக்கிறார்கள். மழை முடிந்ததும் பாதையின் நடுவில் பாட்டன் சொத்து மாதிரி உட்கார்ந்து உடம்பைத் துடைத்துக்கொள்ளும். பெல் அடித்தால் திரும்பிப் பார்க்கும். நகராது. சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு புல்வெளி வழியாகப் போவது என் பழக்கம்.

மழை பிடித்துக்கொண்டால் ஒதுங்க இடத்துக்குப் பஞ்சமில்லை. எம்ஆர்டி ரயில் நிலையங்களைச் சுற்றி நடப்பவர்களுக்கென்று மட்டும் 2018-க்குள் 200 கிலோமீட்டர் கூரை போட்டார்கள். வீவக என்கிற அரசு அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒவ்வொரு புளோக்கின் கீழ்த்தளமும் திறந்த மண்டபம். அங்கே ஒதுங்குகிற கூட்டம் தனி ரகம். சாப்பாட்டுப் பெட்டியைத் தோளில் மாட்டிய டெலிவரிப் பையன், காய்கறி வண்டியோடு ஒரு மலாய் அம்மா, சைக்கிளோடு நம் ஊர்த் தொழிலாளர் இரண்டு பேர். தொழிலாளர் சைக்கிள்களை நீங்கள் பார்க்க வேண்டும் சித்தப்பா. கை மாறிக் கை மாறி வந்த வண்டி. சீட்டுக்கு மேல் பிளாஸ்டிக் பை, கேரியரில் கயிற்றால் கட்டிய டிபன், பின்னால் சிவப்பு விளக்கு. புதுக்கோட்டைக்காரர் ஒருவர் மழை பார்த்துக்கொண்டே என் சக்கரத்தின் கோட்டத்தைக் கையாலேயே எடுத்துக் கொடுத்தார், ஸ்போக்ஸ் கம்பி ஒவ்வொன்றையும் சுண்டிச் சத்தம் கேட்டு. ஹெல்மெட் போட்டிருந்தார், ரோட்டில் சைக்கிள் ஓட்டுகிறவருக்கு 2019 பிப்ரவரியிலிருந்து அது கட்டாயம். இவருக்குக் கட்டுமானத் தளத்து ஹெல்மெட் ஒன்று, சைக்கிள் ஹெல்மெட் ஒன்று. தலை ஒன்றுதான் என்று சிரித்தார்.

அவரிடம்தான் "கேட் 1" என்ற சொல்லைக் கற்றேன். இடி மின்னல் நெருங்கிவிட்டது, வெளிவேலையை நிறுத்து என்பதற்கான எச்சரிக்கை அது. வருஷத்தில் ஏறக்குறைய பாதி நாள் இடி இடிக்கிற ஊர் இது. உலகத்திலேயே மின்னல் அதிகம் விழும் இடங்களில் ஒன்று. மச்சானுக்குப் பனி சத்தமில்லாமல் விழுகிறது, பாவம், பயப்படக்கூட முன்னறிவிப்பு இல்லை.

ஒரு நியாயம் சொல்ல வேண்டும்: என் குளிர்காலம் பெரும்பாலும் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். மழை ஓய்ந்த அரை மணியில் ரோடு காய்ந்து, இங்கே மழை பெய்ததா என்று கேட்கும். தண்ணீரெல்லாம் ரோச்சோர் கால்வாய், காலாங் ஆறு வழியாக மரினா அணைக்கட்டுக்குள் போகிறது. 2008-ல் கட்டி முடித்தார்கள், கடலைத் தடுத்து. தீவின் ஆறில் ஒரு பங்கு நிலத்தின் மழை அந்தத் தேக்கத்துக்குத்தான். சுத்தம் செய்து குழாயில் குடிதண்ணீராக வருகிறது. திங்கள்கிழமை என்னை நனைத்த மழையை இன்னொரு நாள் என் டம்ளரில் சந்திக்கிறேன். நம் வாய்க்கால் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேருமா என்று ஆனி மாதம் முழுக்கக் கல்லணையைப் பார்த்துக் கையேந்துகிற ஊரிலிருந்து வந்தவனுக்கு இது வயிற்றெரிச்சல்.

உண்மையான குளிர்காலம் ஆபீஸ் கதவுக்கு உள்ளே இருக்கிறது. முன்னாள் பிரதமர் லீ குவான் இயூ, வெப்பமண்டல நாடு முன்னேற ஏசியும் முக்கியமான காரணம் என்றும், பதவிக்கு வந்ததும் முதலில் அரசாங்க அலுவலகங்களில் அதைப் போட்டதாகவும் ஒரு பேட்டியில் சொன்னார். அந்த முன்னேற்றம் முழுவதும் இப்போது என் முதுகுக்குப் பின்னால் இருக்கிற ஏசிக் குழாயில் வந்து சேர்ந்திருக்கிறது. சட்டை ஈரம், காலுறை ஈரம், அறை 22 டிகிரி. பக்கத்து மேசைக்காரம்மா ஆண்டு முழுக்கக் கம்பளிச் சால்வை வைத்திருக்கிறார். மச்சான் வெளியில் உறைந்து உள்ளே போய் இளகுகிறான். நான் வெளியில் இளகி உள்ளே போய் உறைகிறேன். இதில் யார் சுகவாசி என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

நிஜப் பனியையும் பார்த்துவிட்டேன். ஜூரோங்கில் ஸ்னோ சிட்டி என்று 2000-ல் திறந்த ஒரு கட்டடம். உள்ளே மைனஸ் 5 டிகிரி, செயற்கைப் பனி, வாடகைக்குக் கோட்டும் பூட்ஸும். அறை நண்பனோடு போனேன். குழந்தைகள் ரப்பர் வளையத்தில் சறுக்கி விளையாடுகிறார்கள். சைக்கிளை உள்ளே விடுவீர்களா என்று கேட்டேன். அந்தப் பெண் கேள்வியே புரியாத மாதிரிப் புன்னகைத்தாள். மச்சானுக்குப் படம் அனுப்பினேன். "இது ஐஸ்கிரீம் கடைடா" என்று பதில் வந்தது.

அப்புறம் ஒரு வேலை இருக்கிறது உங்களுக்கு. என்னுடையது மடக்குச் சைக்கிள். எம்ஆர்டியில் மடக்கினதைத்தான் ஏற்றலாம், அதுவும் 120-க்கு 70-க்கு 40 சென்டிமீட்டருக்குள். சக்கரம் 20 அங்குலம். இதற்கு இங்கே மட்கார்டு என்று ஒரு பிளாஸ்டிக் துண்டைத் தருகிறார்கள். பின்சக்கரச் சேறு கோடு பிசகாமல் என் முதுகில் ஏறுகிறது. நம் கடையில் சின்னப் பிள்ளைகள் சைக்கிளுக்கு வருமே இரும்பு மட்கார்டு, அதில் ஒரு ஜோடி, போல்ட்டு நட்டோடு, பொங்கலுக்கு வருகிற ஆள் யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். கறுப்பு இருந்தால் நல்லது. ரோஜாக் கலரில் பூப்போட்டதுதான் இருக்கிறது என்றால் அதையும் அனுப்புங்கள், மச்சானுக்குப் படம் எடுத்து அனுப்பாமல் இருந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்