ஸ்டாக்ஹோம் வீட்டில் குளிர்காலப் பிணிகள்: மதுரைக்கு ஒரு விளக்க மடல்

மதுரையில் வாழும் அப்பத்தா, தாத்தா ஆகிய பெரியோர் இருவரின் பார்வைக்கு, ஸ்டாக்ஹோமில் குடியிருக்கும் மகன் வீட்டார் வணக்கத்துடன் விடுக்கும் மடல்.

ஸ்வீடன் நாட்டில் குளிர்காலம் நாட்காட்டியின்படி டிசம்பரில் தொடங்கிப் பிப்ரவரியில் முடிவதாயினும், சிறு குழந்தைகள் உள்ள வீடுகளில் அது அக்டோபரில் மூக்கொழுகலாகத் தொடங்கி, இடையில் காய்ச்சல், காதுவலி, வாந்தி எனப் பல உருவெடுத்து, ஏப்ரலில் இருமலாகத் தேய்ந்து மறைகிறது. பேரப்பிள்ளைகள் இருவருக்கும் ஓயாமல் சளி பிடிப்பதற்கு, தலைக்குக் குளிப்பாட்டிய பின் அவர்களின் தாய் சரியாகத் துவட்டிவிடாததே காரணம் என்னும் கருத்து மதுரையில் நிலவுவதாகத் தொலைபேசி வாயிலாகத் தெரியவருவதால், உண்மை நிலையை முறைப்படி எழுத்தில் எடுத்துரைப்பது இன்றியமையாததாகிறது. துவட்டுவதில் எக்குறையும் இல்லை. துவட்டுவதற்கெனத் தனித் துண்டு, அதன்மேல் சூடான காற்றை ஊதும் கருவி ஆகிய இரண்டும் நடைமுறையில் உள்ளன.

சிறு குழந்தை ஒன்றுக்கு ஆண்டில் ஆறு முதல் பத்து முறை வரை சளி பிடிப்பது இயல்பே என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட செய்தியாகும். இவற்றில் பெரும்பாலானவை குளிர்மாதங்களுக்குள்ளேயே நெருக்கியடித்துக்கொண்டு வருவதாலும், ஒவ்வொன்றும் ஒரு வாரத்திற்குக் குறையாமல் தங்குவதாலும், ஒரு சளி முடிந்து அடுத்தது தொடங்கும் எல்லையை வீட்டார் கண்டறிய இயலுவதில்லை. குளிரே நோயைத் தருகிறது என்னும் நம்பிக்கை இரு நாடுகளிலும் உண்டெனினும், தருவது குளிரன்று, வைரஸ் கிருமி. குளிர்ந்து வறண்ட காற்றில் அக்கிருமிகளுட் பல நெடுநேரம் உயிர்ப்புடன் இருப்பதும், மக்கள் கதவடைத்து உள்ளேயே கூடியிருப்பதும் அவற்றுக்கு வாய்ப்பாகின்றன. ஸ்டாக்ஹோம் வட அட்சம் 59 பாகையில் அமைந்திருப்பதால், டிசம்பர் பிற்பகுதியில் சூரியன் காலை எட்டே முக்கால் மணியளவில் எழுந்து, பிற்பகல் மூன்று மணிக்கு முன்பே விடைபெற்றுவிடுகிறது. இதன் பொருட்டே, இரண்டு வயது நிரம்பாத குழந்தைகள் அனைவருக்கும் நாள்தோறும் வைட்டமின் டி சொட்டுகள் புகட்டப்படுகின்றன.

ஒரு வயது முதல் குழந்தைகள் சேர்க்கப்படும் பாலர் பள்ளிகளில், வெளியே பனி உறைந்திருக்கும் நாளிலும் குழந்தைகள் முற்றத்திற்கு அனுப்பப்படுகிறார்கள் என்பதையும், கைக்குழந்தைகள் பகல் உறக்கத்தின்போது போர்த்தப்பட்ட தள்ளுவண்டியுடன் வெளியிலேயே நிறுத்தப்படுவதுண்டு என்பதையும் அப்பத்தா அமர்ந்த நிலையில் அறிந்துகொள்வது நலம். இதற்கென ஒவ்வொரு குழந்தைக்கும் கம்பளி உள்ளாடை, அதன்மேல் இன்னொரு கம்பளி, அதன்மேல் கழுத்து முதல் கணுக்கால் வரை ஒரே துண்டாகத் தைத்த பஞ்சுடை, கையுறை, குல்லா என அடுக்கடுக்காக அணிவிக்கப்படுவதும், கடைசி இழுவைப்பூட்டு மூடப்பட்ட நொடியில் குழந்தை சிறுநீர் கழிக்க வேண்டும் என அறிவிப்பதும் நாடு தழுவிய வழக்கமாகும். ஆயினும் இந்த வெளிக்காற்றில் நோய் பரவுவது குறைவு. ஒரே மரரயிலைப் பல குழந்தைகள் வரிசையாக வாயில் வைத்துச் சுவைத்துப் பார்க்கும் உள்ளறையில்தான் அது பரவுகிறது.

இந்நிலையை அரசு நெடுங்காலத்திற்கு முன்பே உணர்ந்து, சட்டமாகவும் எழுதி வைத்துள்ளது. 1974ஆம் ஆண்டில், தாய்க்கு மட்டும் உரியதாயிருந்த பேறுகால உதவிக்கு மாற்றாக, தாய் தந்தை இருவருக்கும் பொதுவான பெற்றோர் காப்பீட்டை ஸ்வீடன் உலகில் முதன்முதலாக ஏற்படுத்தியது. அதன் ஒரு கிளையே, பேச்சு வழக்கில் 'வாப்' எனச் சுருக்கி அழைக்கப்படும் ஏற்பாடு. அதாவது, நோயுற்ற குழந்தையைக் கவனிக்கப் பெற்றோரில் ஒருவர் வேலைக்குச் செல்லாமல் வீட்டிலிருப்பின், இழந்த ஊதியத்தில் எண்பது விழுக்காட்டிற்குச் சற்றுக் குறைவான தொகையை, ஒரு வருமான வரம்புக்கு உட்பட்டு, சமூகக் காப்பீட்டு நிறுவனம் வழங்குவதாகும். எட்டு மாதம் நிறைந்த குழந்தை முதல் பன்னிரண்டு வயது நிரம்பாத குழந்தை வரை இது பொருந்தும். முதல் ஏழு நாட்களுக்கு மருத்துவச் சான்றும் கேட்கப்படுவதில்லை. குழந்தை ஒன்றுக்கு ஆண்டிற்கு 120 நாட்கள் வரை இவ்வுதவி கிடைக்கும் என்பதால், இரு குழந்தைகள் உள்ள வீட்டிற்கு 240 நாட்கள் என்றாகிறது. ஓராண்டில் வேலை நாட்கள் ஏறத்தாழ 250 என்பதைக் கருத்திற்கொண்டால், குழந்தைகள் முறைவைத்து நோயுறும் வீட்டிலிருந்து ஒருவர் ஆண்டுக்குப் பத்து நாட்களேனும் அலுவலகம் சென்றுவர வேண்டும் என்று அரசு எதிர்பார்ப்பதாகவே கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்நாட்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கைத் தந்தையரே எடுத்துக்கொள்கின்றனர். எனவே, காணொளி அழைப்பில் செவ்வாய்க்கிழமை நண்பகல் மகன் லுங்கியுடன் தென்பட்டு, மடியில் குழந்தையை இருத்திக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த காட்சி, அவருக்கு வேலை போய்விட்டதன் அறிகுறி அன்று என்பதைத் தாத்தா உறவினர்களிடம் தெளிவுபடுத்திவிடுவது நன்று. உதவி பெறும் நாளிலேயே இரகசியமாக மடிக்கணினியைத் திறந்து அலுவலக வேலையையும் பார்க்கும் பழக்கம் பலரிடம் காணப்படுகிறது. அவ்வாறு செய்வோரின் மின்னஞ்சல்களை, நடுவில் தோன்றும் பொருளற்ற எழுத்துக் கூட்டங்களால் எளிதில் அடையாளம் காணலாம்.

குழந்தைக்கு இவ்வளவு பரிவு காட்டும் சட்டம், பெற்றோரே நோயுறும்போது சற்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. ஊழியர் தமக்கு உடல்நலமில்லை என்று விடுப்பு எடுப்பின், ஒரு சராசரி வாரத்திற்குரிய நோய்க்கால ஊதியத்தில் ஐந்தில் ஒரு பங்கு தொடக்கத்திலேயே கழிக்கப்படுகிறது. குழந்தைக்காக எடுக்கும் விடுப்பில் இக்கழிவு இல்லை. ஆகவே ஒரே காய்ச்சல் குழந்தைக்கு வருவது தந்தைக்கு வருவதைவிடச் சிக்கனமானது என்னும் விந்தையான கணக்கு உருவாகிறது. கிருமிகள் இக்கணக்கைப் படித்தறிந்தவையாகத் தோன்றவில்லை.

பிப்ரவரியில் 'வாப்' விடுப்பு உச்சத்தை எட்டுவதாகக் கருதும் மக்கள், அம்மாதத்தையே கேலியாக 'வாப்ருவாரி' என்கின்றனர். பள்ளிகளுக்கு அம்மாதத்தையொட்டி ஒரு வாரம் விடுமுறை விடப்படுகிறது. 1940இல், போர்க்காலத்தில், பள்ளிகளைச் சூடாக்கும் எரிபொருளைச் சேமிக்கத் தொடங்கப்பட்ட அவ்விடுமுறை, தொற்றுநோய்ப் பரவல் குறையும் என்னும் காரணமும் காட்டப்பட்டு நிலைத்துவிட்டது. பாலர் பள்ளிகள் அவ்வாரத்திலும் திறந்திருப்பதால், அக்காரணத்தின் பயன் இவ்வீட்டை வந்தடைவதில்லை.

இக்குளிர்காலத்தின் தலைமைப் பிணியாக விளங்கியது நோரோ வைரஸ் என்னும் கிருமியால் வரும் வாந்தி நோயாகும். 1929இல் ஜான் ஸஹோர்ஸ்கி என்னும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் இதனைக் குளிர்கால வாந்தி நோய் என விவரித்தார். 1968இல் ஒஹாயோ மாநிலத்து நார்வாக் நகரப் பள்ளி ஒன்றில் பரவிய நோயின் மாதிரிகளிலிருந்து, 1972இல் கிருமி எலக்ட்ரான் நுண்ணோக்கி வழியே கண்டறியப்பட்டு, அவ்வூரின் பெயரையே பெற்றது. தம் ஊரின் பெயர் இவ்வாறு உலகெங்கும் ஒலிப்பதை நார்வாக் நகரத்தார் எவ்வாறு ஏற்றுக்கொண்டனரோ தெரியவில்லை. தொற்றுவதற்கு மிகச் சில துகள்களே போதுமாகையாலும், சாராயம் கலந்த கைத்தைலத்திற்கு இக்கிருமி எளிதில் அடங்காதாகையாலும், சோப்பும் ஓடும் நீரும் மட்டுமே ஓரளவு காப்பாகின்றன. கிருமி உட்புகுந்து ஒரு நாள் முதல் இரண்டு நாட்களுக்குள் நோய் வெளிப்படுவதால், குடும்பத்தில் அது ஒழுங்கான வரிசையில் முன்னேறுகிறது: முதலில் இளையவன், அடுத்து மூத்தவள், பின்னர் தாய். வைகையில் குளித்து வளர்ந்த உடம்பாதலின் தமக்கு இது தொற்றாது எனத் தந்தை வெளியிட்ட கருத்து, வெளியிடப்பட்ட இரவிலேயே மறுஆய்வுக்கு உள்ளாயிற்று.

இவ்விடத்தில் இந்நாட்டு அடுக்ககங்களின் பொதுச் சலவை அறையைப் பற்றி விளக்குவது தேவையாகிறது. கட்டடத்தின் அடித்தளத்தில் அமைந்த அவ்வறையில் உள்ள இயந்திரங்களை எல்லா வீட்டாரும் முறைவைத்துப் பயன்படுத்துகின்றனர். ஒவ்வொரு வீட்டிற்கும் எண் பொறித்த சிறு பூட்டு ஒன்று வழங்கப்பட்டிருக்கும். நாளும் வேளையும் குறிக்கப்பட்ட பலகையில், வேண்டிய வேளைக்குரிய துளையில் அப்பூட்டை மாட்டுவதே முன்பதிவாகும். பிறர் வேளையில் கால் மணி நேரம் மிகுதியாக நின்றவருக்குக் கையொப்பமில்லாத கண்டனச் சீட்டு கதவில் ஒட்டப்படும். இரவில் இயந்திரத்தை ஓட்டுவது விதிக்குப் புறம்பு. அரசியல், மதம் முதலியவற்றில் வியக்கத்தக்க பொறுமை காட்டும் இம்மக்கள், சலவை வேளை குறித்து மட்டும் எவருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. நோரோ வைரஸோ நள்ளிரவுக்குப் பின்னரே வெளிப்படும் இயல்புடையது. ஒரே இரவில் நான்கு மெத்தை விரிப்புகளையும், தலையணைகளையும், அப்பத்தா கொடுத்தனுப்பிய சுங்கடிப் புடவையால் தைத்த மெல்லிய போர்வையையும் அது கைப்பற்றிவிட, வீட்டாருக்கு எஞ்சியிருந்த முன்பதிவு அடுத்த வியாழக்கிழமைக்குரியதாக இருந்தது. துணிகள் குளியல் தொட்டியில் குவிக்கப்பட்டன. விடிந்ததும் கீழ்த்தளத்து மூதாட்டியிடம் வேளையை மாற்றிக்கொள்ள வேண்டப்பட்டபோது, நோயின் பெயரைக் கேட்ட அவர் இரண்டடி பின்வாங்கி, தம் பூட்டைத் தரையில் வைத்து, காலால் மெல்லத் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். இந்நாட்டில் அதைவிடப் பெரிய கொடையை எதிர்பார்க்க இயலாது. கதவிடுக்கின் வழியே அவரே அறிவுறுத்தியபடி, புளூபெர்ரிப் பழத்தைச் சர்க்கரையும் மாவும் சேர்த்துக் காய்ச்சும் கருநீலக் கூழ் வயிற்றுக்கு இதமாகக் கொடுக்கப்பட்டது. அது வயிற்றில் தங்குமாயின் நன்மருந்து. தங்காவிடின் அதன் கறை எந்த வெப்பநிலையிலும் போவதில்லை.

வாந்தி நின்ற பின்னரும் 48 மணி நேரம் குழந்தையைப் பாலர் பள்ளிக்கு அனுப்பலாகாது என்பது விதி. இதன் விளைவாக, முற்றிலும் குணமடைந்த இரு குழந்தைகள் சோபாவில் குதித்து விளையாடுவதும், அதே சோபாவின் அடியில் பெற்றோர் இருவர் படுத்துக் கிடப்பதும் ஒரே வேளையில் நிகழ்கின்றன. அரசு தரும் உதவிகளின் பட்டியல் நீளமானது. ஆனால் அந்த இரண்டு நாட்களுக்குக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை போய்வர ஒரு சித்தியோ அத்தையோ அப்பட்டியலில் இல்லை.

மருத்துவரிடம் காட்டியாயிற்றா என்று ஒவ்வொரு அழைப்பிலும் மதுரையிலிருந்து கேட்கப்படும் வினாவிற்கும் விடையளிக்க வேண்டும். இங்கு நோயாளி முதலில் அழைப்பது, செவிலியர் இரவும் பகலும் அறிவுரை கூறும் 1177 என்னும் தொலைபேசி எண்ணையே. குழந்தை நீர் அருந்துகிறதா, சிறுநீர் கழிக்கிறதா, விளையாடுகிறதா என அவர்கள் அமைதியாகக் கேட்பர். மூன்றுக்கும் ஆம் எனில், வீட்டிலேயே இருந்து நீராகாரமும், தேவைப்பட்டால் ஆல்வெடோனும் கொடுக்கலாம் என்பர். ஆல்வெடோன் என்பது நம்மூர்ப் பாராசிட்டமாலேயாகும். விழுங்க மறுக்கும் குழந்தைகளுக்குப் பின்வழியே செலுத்தும் வடிவிலும் அது விற்கப்படுகிறது, இது குறித்து மேலும் விவரிப்பது பெரியோர் முன் முறையன்று. நேரில் சென்றால், விரல்நுனியில் ஒரு துளி இரத்தமெடுத்துச் சில நிமிடங்களில் அழற்சியின் அளவை அறிவர். ஊசி போடுவதில்லை. ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குச் சிக்கலின்றி வரும் செவி அழற்சிக்கும் பெரும்பாலும் ஆன்டிபயாட்டிக் தராமல் காத்திருந்து பார்ப்பதே வழக்கம். 1990களின் நடுப்பகுதியில் உருவான ஸ்ட்ராமா என்னும் நாடளாவிய அமைப்பு, இம்மருந்துகளைச் சிக்கனமாகக் கையாள மருத்துவர்களைத் தொடர்ந்து வலியுறுத்தி வருகிறது. இக்கொள்கை சரியானதே, குளிர்காலக் காய்ச்சல்களுட் பெரும்பாலானவை வைரஸால் வருவன, அவற்றின்மீது இம்மருந்துகளுக்கு அதிகாரமில்லை. ஆனால் அதிகாலை மூன்று மணிக்குக் காதைப் பொத்திக்கொண்டு அலறும் மூத்தவளிடம் இதனை எடுத்துரைக்கும் பொறுப்பை அவ்வமைப்பு பெற்றோரிடமே விட்டுவைத்துள்ளது.

மதுரையிலிருந்து அறிவுறுத்தப்பட்ட மருத்துவமுறைகளும் புறக்கணிக்கப்படவில்லை. மிளகு ரசம் முழு வெற்றி பெற்றது. ஒரு தமிழ்க் குடும்பத்தாரிடம் பெற்று வளர்க்கப்பட்ட கற்பூரவல்லிச் செடி, நவம்பரில் வெளிச்சமின்றி வாடியதால் மின்விளக்கின்கீழ் வைத்துப் பேணப்படுகிறது. வீட்டில் மிகுந்த கவனிப்புப் பெறும் நோயாளி இப்போது அதுவே. சாம்பிராணி போடும் முயற்சி, கூரையில் பொருத்தப்பட்டுள்ள புகை உணர்கருவி எழுப்பிய ஓசையால் கட்டடமே விழித்துக்கொண்டதை அடுத்துக் கைவிடப்பட்டது. உப்பும் மிளகாயும் சுற்றித் திருஷ்டி கழிக்கும் சடங்கை, கைப்பேசித் திரையில் தெரிந்த பேரப்பிள்ளைகளின் முகத்தைச் சுற்றி அப்பத்தா மதுரையிலிருந்தே நிறைவேற்றினார். மிளகாய் அடுப்பில் விழுந்ததும் நெடி வருகிறதா என்று அவர் வினவ, இங்கிருந்தோர் வரவில்லை என்று உள்ளதை உள்ளவாறே கூறினர். நெடி வராவிடின் கண்ணேறு கடுமையானது என்பது மரபாதலின், அச்சடங்கு அவ்வாரம் முழுதும் நாள்தோறும் நீட்டிக்கப்பட்டது.

நேரில் வந்து பேரப்பிள்ளைகளைக் கவனித்துக்கொள்வதாக அப்பத்தா தெரிவித்துள்ள முடிவு பெரிதும் வரவேற்கப்படுகிறது. 'வாப்' உதவியைப் பெற்றோர் தமக்கு மாற்றாக இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்கச் சட்டம் இடமளிக்கிறது. ஆயின் அவர் இந்நாட்டுக் காப்பீட்டில் உள்ளவராகவும், அதற்கெனத் தம் வேலையை விட்டு வருபவராகவும் இருத்தல் வேண்டும். நாற்பதாண்டுகளாக ஓய்வின்றிச் சமைத்துவரும் அப்பத்தா இந்நிபந்தனைக்குள் வரமாட்டார். வருகையாளர் விசா எந்த 180 நாட்களிலும் 90 நாட்களுக்கு மேல் தங்க அனுமதிப்பதில்லை. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் கோருகிறது. அந்த 90 நாட்களை ஜனவரியில் தொடங்கிச் செலவிட்டால், வீட்டில் நோயாளிகளின் எண்ணிக்கை நான்கிலிருந்து ஐந்தாகும் என்பதன்றி வேறு பயன் விளையாதாகையால், ஜூன் மாதமே உகந்தது.

அதுவரை அனுப்பப்படும் பொதிகளைப் பொறுத்தவரை, ஓமம் போதிய அளவு கைவசமுள்ளது. சுக்கு மட்டும் தீர்ந்துவிட்டது. அதனையும் இடித்துத் தூளாக்கித் தாளில் மடிக்காமல் முழுதாகவே அனுப்பினால், வழியில் பிரித்துப் பார்க்கும் சுங்க அதிகாரிகளுக்கு விளக்கமளிக்கும் வேலை மிச்சமாகும். கம்பளிக் குல்லா பின்னி அனுப்ப வேண்டாம். இளையவனின் குல்லாக்கள் அனைத்தும் இப்போது பாலர் பள்ளியில் வேறு குழந்தைகளின் தலையில் உள்ளன, அவற்றுக்குரிய இருமலை மட்டும் அவன் தவறாமல் வீட்டிற்குக் கொண்டுவருகிறான்.

இங்ஙனம்,
மகன், மருமகள், பேரப்பிள்ளைகள்