கறைக்குத் தகப்பன் இல்லை

கோலம் போட வாளியோடு வந்த எதிர்வீட்டு அக்கா, ராத்திரி என் வண்டி நின்ற இடத்தைக் காட்டி, "இது உங்களோடதா சார்?" என்று கேட்டார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு எண்ணெய்த் திட்டு. வாய் தானாகச் சொன்னது: "ஏசி தண்ணி, அக்கா." ஜனவரி மாதக் காலை. எங்கள் ஆடுகோடியில் பால் வாங்கப் போகிறவர்கள் மங்கி குல்லா போட்டுக்கொண்டு போகிற நேரம்.

பெங்களூரில் ஏசியே தேவையில்லை என்று சென்னைச் சொந்தக்காரர்களிடம் பீற்றிக்கொள்வதும் நாம்தான். வண்டிக்கு அடியில் எது சொட்டினாலும் ஏசி தண்ணி என்பதும் நாம்தான்.

கியர்பாக்ஸ் ஆயில் சீலை வீட்டிலேயே மாற்றுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் இந்த ஏசி தண்ணி விவகாரத்தை முடித்துவிடுகிறேன்.

ஏசி தண்ணிக்கு வாடை கிடையாது, கொஞ்ச நேரத்தில் காய்ந்தும் போகும். கியர் ஆயிலோ விரலில் தொட்டால் பிசுபிசுக்கும். பற்கள் ஒன்றையொன்று தின்றுவிடாமல் இருக்க அதில் கந்தகச் சரக்கு சேர்க்கிறார்கள். அந்த நாற்றம் எந்த சோப்புக்கும் மசியாது. மறுநாள் தோசையிலும் வரும். இதெல்லாம் நமக்குத் தெரியும். இருந்தாலும் மோந்து பார்த்துவிட்டு, "தண்ணிதான்" என்போம்.

அது எடுபடாவிட்டால், பக்கத்து வண்டி. எங்கள் தெருவில் யாருக்கும் சொந்த பார்க்கிங் கிடையாது; முதலில் வந்தவருக்கு இடம். ஆகவே எந்தக் கறைக்கும் தகப்பன் கிடையாது. நேற்று அங்கே நின்றது வெள்ளை வேன், முந்தாநாள் தண்ணீர் டேங்கர், அதற்கு முன்னால் கல்யாணத்துக்கு வந்த ஓசூர் வண்டி. சந்தேகத்தின் பலன் எப்போதும் நமக்கே. அப்புறமும் மனசு உறுத்தினால் நாலு வீடு தள்ளி நிறுத்துவோம். ஒழுகல் நிற்காது, கேட்கிற ஆள் மட்டும் மாறுவார்.

கடைசியில் அட்டை. ஃப்ரிட்ஜ் வந்த பெட்டியைக் கிழித்து அடியில் போட்டு, காலையில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துக் கைரேகை ஜோசியர் மாதிரி பார்ப்போம். கறுப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில். பச்சையோ ரோஸோ என்றால் கூலன்ட். தேன் நிறத்தில் கெட்டியாக, சக்கரத்தை ஒட்டி விழுந்திருந்தால் கியர்பாக்ஸ். பலன் தெரிந்த பிறகாவது மெக்கானிக்கிடம் போவோமா? மாட்டோம். அட்டையைத் திருப்பிப் போடுவோம். பின்பக்கமும் நனைந்தபின் வாஷிங் மெஷின் பெட்டி. "போன வாரத்துக்கு இந்த வாரம் குறைஞ்ச மாதிரி இல்ல?" என்று வீட்டில் கேட்டு, பதில் வராததை ஆமாம் என்று எடுத்துக்கொள்வோம். குறையத்தான் செய்யும். உள்ளே எண்ணெய் மட்டம் சீலுக்குக் கீழே இறங்கிவிட்டால் அப்புறம் ஒழுக என்ன இருக்கிறது? பெரும்பாலான கியர்பாக்ஸில் டிப்ஸ்டிக்கும் கிடையாது. பாக்ஸ் ஊளையிடும்போதுதான் சேதி தெரியும். அதற்கும் நம்மிடம் பதில் உண்டு: "டயர் சத்தம்."

சரி, சீலுக்கு வருகிறேன். வெளியே இரும்பு வளையம், உள்ளே ரப்பர் உதடு, அதை ஷாஃப்ட்டோடு அணைத்துப் பிடிக்க மெல்லிய சுருள் ஸ்பிரிங். ஆதியில் இதைத் தோலில் செய்தார்கள், பிறகுதான் ரப்பர் வந்தது. ஜே.சி. ரோட்டில் இருநூறு ரூபாயை நீட்டினால் சில்லறை கொடுப்பார்கள். முகத்தில் பொறித்த உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றையும் சொன்னால் போதும். அந்த எண்களைப் படிக்க வண்டியைப் பிரிக்க வேண்டும் என்பதுதான் வயிற்றெரிச்சல். ஆக்ஸில் பக்கத்து சீல் என்றால் தப்பித்தோம். கிளட்ச் பக்கம் என்றால் பாக்ஸையே இறக்க வேண்டும். மெக்கானிக்குகள் எதுவாக இருந்தாலும் முதலில் சொல்வது, "பாக்ஸ் எறக்கணும் சார்." அதைக் கேட்ட கோபத்தில்தான் ஞாயிற்றுக்கிழமை ஜாக்கி போட்டேன்.

நட்டைக் கழற்றி, பால் ஜாயின்ட்டைத் தட்டி, ஆக்ஸிலை நெம்பி வெளியே இழுத்ததும் தெருவே கூடிவிட்டது. எங்கள் பேட்டையில் இது தனி ஆபத்து. 1951-இல் தொடங்கிய மைக்கோ கம்பெனி 2008-இல் பாஷ் என்று பெயர் மாற்றிக்கொண்டாலும், அங்கே வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்கள் இன்னும் மைக்கோக்காரர்கள்தான். டீசல் பம்ப் செய்த கைகள். மைக்ரானுக்குக் குறைந்து பேசமாட்டார்கள். அப்படி ஒரு பெரியவர் லுங்கியை மடித்துக் கட்டிக் குனிந்து, "சீல் வுடு. சீல் ஒக்கார்ற எடத்துல நகத்த ஓட்டிப் பாரு. மாட்டுதா? ஷாஃப்ட் தேஞ்சிருக்கு. புதுசு போட்டாலும் ஒழுவும்" என்றார். மாட்டியது. இத்தனை வருஷம் உதடு உரசி உரசி ஒரு கோடு போட்டிருந்தது. இரும்பை ரப்பர் தேய்க்கும் என்று யார் கண்டார்கள்! இடமிருந்தால் புது சீலை ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி உட்காரவைத்தால் உதடு தேயாத இடத்தில் விழும் என்று அவரே சொன்னார். சொல்லிவிட்டு, நான் தட்டிய ஒவ்வொரு தட்டுக்கும் உச்சுக் கொட்டினார்.

கூடியிருந்தவர்களில் ஒருவர்கூட டார்ச் பிடிக்கவில்லை. "இதுக்குப் போய் நீங்களேவா?" என்று மட்டும் ஆள் மாற்றி ஆள் கேட்டார்கள்.

இறக்கிய பழைய எண்ணெய் கேனில் இருக்கிறது. அது அபாயக் கழிவு என்கின்றன 2016-ஆம் ஆண்டு விதிகள். சாக்கடையில் ஊற்றக்கூடாது, சரி. எங்கே கொடுப்பது? ஈரக் குப்பை, உலர் குப்பை என்று பிரித்து வாங்குகிறவர் கேனைப் பார்த்ததும் "பேடா சார்" என்று கன்னடத்தில் மறுத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். இப்போது அது பால்கனியில் துளசிக்குப் பக்கத்தில் குடியிருக்கிறது. அதனால் வீட்டில் நான் எங்கே குடியிருப்பது என்பதும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது.

அந்தச் சூட்சுமமா? சொல்கிறேன், இருங்கள். கீழே யாரோ விடாமல் ஹார்ன் அடிக்கிறார்கள். என் வண்டி அவர் கேட்டை மறைக்கிறதாம்.