பேசாதபோது பேசாமல் இருப்பது எப்படி?

கே: வாக்கி-டாக்கிக்குள் ‘பேஸ்பேண்ட் சிப்’ என்று ஒன்று இருக்கிறதாமே, அதற்கு என்ன வேலை?

ப: 450 மெகாஹெர்ட்ஸ் செட்டில், ஆன்டெனாப் பக்கம் நொடிக்கு 45 கோடி முறை துடிக்கும் ஊர்தி அலை இருக்கிறது. மைக் பக்கம் இருப்பது சில ஆயிரம் ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும் மனிதக் குரல். ஊர்தி அலையில் ஏறுவதற்கு முன்பும், எதிர்முனையில் அதிலிருந்து இறங்கிய பின்பும் குரல் இருக்கும் நிலைக்குத்தான் பேஸ்பேண்ட் என்று பெயர். அந்த நிலையில் குரலை வடிகட்டி, அளந்து, வேண்டாததைக் கழித்துவிடுவது இந்தச் சிப். பொத்தானை அழுத்தினால் ஒரு வேலை, விட்டால் இன்னொரு வேலை. இரண்டிலுமே பேசவைப்பதைவிட வாயை அடைக்கும் வேலைதான் அதிகம்.

கே: மைக்கில் உரக்கக் கத்தினால் இன்னும் தூரம் கேட்குமா?

ப: கேட்காது, தொண்டைதான் கட்டும். வாக்கி-டாக்கி பேசுவது பண்பலையில் (எஃப்.எம்.); அதில் குரலின் வலு, ஊர்தி அலையின் அதிர்வெண் எவ்வளவு விலகுகிறது என்பதாக மாறுகிறது. 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள சேனலில் 2.5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் விலகினால் பக்கத்துச் சேனல்காரருக்குத் தொல்லை. அதனால் சிப் முதலில் 300 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரை மட்டும் விட்டுவைக்கிறது. மேல் சுரங்களைச் சற்றுத் தூக்குகிறது. வரம்பைத் தாண்டும் உச்சிகளை வெட்டிவிடுகிறது. கத்தியவரின் ஆவேசம் எதிர்முனைக்குக் கரகரப்பாகப் போய்ச் சேரும். தூரத்தைத் தீர்மானிப்பவை ஒலிபரப்பும் திறன், ஆன்டெனாவின் உயரம், நடுவில் நிற்கும் கட்டடங்கள்.

கே: யாரும் பேசாதபோது ‘உஸ்ஸ்’ என்ற இரைச்சல் கேட்பதில்லையே, ஏன்?

ப: இரைச்சல் எப்போதும் உண்டு. சிப் ஸ்பீக்கரை மூடி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். இதற்கு ஸ்க்வெல்ச் என்று பெயர். பேச்சு வந்ததா என்று அது பார்ப்பதே இல்லை. இரைச்சல் போனதா என்றுதான் பார்க்கிறது. ஊர்தி அலை இல்லாதபோது பண்பலை ரிசீவரில் இரைச்சல் பொங்கும், அதுவும் பேச்சுக்கு மேலுள்ள அதிர்வெண்களில் இன்னும் பலமாக. சிப் அந்த மேல்பகுதியை மட்டும் தனியாக வடித்து இடைவிடாமல் அளக்கிறது. ஊர்தி அலை வந்ததும் இரைச்சல் சட்டென அடங்கும், ஸ்பீக்கர் திறக்கும். எதிர்முனைக்காரர் மூச்சுகூட விடாமல் பொத்தானை மட்டும் அழுத்திக்கொண்டிருந்தாலும் திறக்கும். அவர் பொத்தானை விட்டதும் கேட்கும் ‘கர்ர்’ என்ற வால், சிப் நிலைமையைப் புரிந்துகொள்ள எடுத்துக்கொள்ளும் நேரம்.

கே: ஒரே சேனலைப் பல குழுக்கள் பயன்படுத்துகின்றன. ‘பிரைவசி கோட்’ போட்டுக்கொண்டால் ரகசியம் காக்கப்படுமா?

ப: பெயரைக் கேட்டு ஏமாறக் கூடாது. பேச்சை 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டியதால் காலியான இடத்தில் சிப் ஒரு மெல்லிய சுரத்தை வைக்கிறது. 67 ஹெர்ட்ஸில் தொடங்கி ஏறக்குறைய 254 வரை பல சுரங்கள் உண்டு, குழுவுக்கு ஒன்று. தன் குழுவின் சுரம் கேட்டால்தான் செட் ஸ்பீக்கரைத் திறக்கும். திறக்கும்போது அந்தச் சுரத்தைக் காதுக்கு எட்டாமல் வடிகட்டியும் விடும். 67.0, 69.3 என்று சுரங்கள் நெருக்கமாக இருப்பதால் எது எதுவென்று உறுதிசெய்ய நொடியில் ஒரு பகுதி ஆகிறது. ‘ஹலோ’ என்றவர் ‘லோ’ என்று கேட்கப்படுவது இதனால்தான். ஆனால் இது அடைப்பது சொந்தக் காதை மட்டுமே. கோட் போடாத செட் வைத்திருப்பவர் அத்தனையையும் நிம்மதியாகக் கேட்கலாம். இரு குழுவினர் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தினால் மோதலும் நிச்சயம்.

கே: டிஜிட்டல் செட்டில் இந்தச் சிப்புக்கு என்ன வேலை?

ப: வேலை பல மடங்கு கூடுகிறது. ஐரோப்பியத் தரநிலை அமைப்பான எட்சி 2005-இல் வெளியிட்ட டி.எம்.ஆர். முறையைப் பார்க்கலாம். குரல் 20 மில்லி நொடித் துண்டுகளாக நறுக்கப்படுகிறது. ஒவ்வொரு துண்டையும் வோகோடர் என்ற குரல்சுருக்கி 49 பிட்டுகளாகச் சுருக்கும். பிழை திருத்த 23 பிட்டுகள் சேர்ந்து 72 ஆகும். மூன்று துண்டுகள் சேர்ந்தால் 216. நடுவில் 48 பிட் அடையாளத்தைச் செருகி, 264 பிட்டுகளையும் 27.5 மில்லி நொடியில் கொட்டிவிடுகிறது சிப். 60 மில்லி நொடிப் பேச்சு பாதிக்கும் குறைவான நேரத்தில் போய்விட்டதா? மிச்ச நேரத்தில் அதே சேனலில் இன்னொரு ஜோடி பேசலாம். பேட்டரிக்கும் ஓய்வு. பிட்டுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து பயணிக்கின்றன: ஒவ்வொரு ஜோடியும் ஊர்தி அலையை 648 அல்லது 1944 ஹெர்ட்ஸ் மேலோ கீழோ நகர்த்தும். எதிர்முனைச் சிப் அந்த 48 பிட் அடையாளத்தைத் தேடிப் பிடித்த பிறகுதான் எது எங்கே தொடங்குகிறது என்பதே அதற்குத் தெரியும்.

கே: அனலாக் செட்டில் தூரம் போகப் போக இரைச்சல் கூடுகிறது. டிஜிட்டலில் மட்டும் தெளிவாகக் கேட்டுக்கொண்டே இருந்து சட்டென்று அறுந்துவிடுகிறதே?

ப: பிட்டுகளிலும் முக்கியஸ்தர்கள் உண்டு. அந்த 49-இல், கெட்டால் குரலே குலைந்துவிடும் 24 பிட்டுகளுக்கு மட்டும் பிழைதிருத்தப் பாதுகாப்பு. மீதி 25-ம் தலைவிதிப்படி போகும். சிக்னல் மெலியும்போது சிப் பிழைகளை ஓசையின்றிச் சரிசெய்துகொண்டே வருவதால் கேட்பவருக்கு ஆபத்து தெரிவதில்லை. திருத்த முடியாத அளவுக்குப் போனதும் கடைசியாக வந்த நல்ல துண்டையே திரும்ப ஒலிக்கவைத்துச் சமாளிக்கும். குரல் ரோபோ போல இழுபடுவது அப்போதுதான். அதற்கு மேலும் தாங்காவிட்டால் ஸ்பீக்கரை மூடிவிடும்.