முடிவிலியின் எல்லை 3,300 ஜிபி

இந்தியத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கணிதத்துக்கு ஒரு பெருந்தொண்டு செய்திருக்கின்றன. முடிவிலிக்கு எல்லை கண்டுபிடித்துவிட்டன. மாதம் 3,300 ஜிபி. ஜிஎஸ்டி தனி.

2020 ஆகஸ்ட் கடைசியில் ஜியோ ஃபைபர் 399 ரூபாய்க்கு 'உண்மையான அன்லிமிடெட்' என்று கடை விரித்தது. பின்னாலேயே ஏர்டெல் 499 ரூபாயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. அரசு நிறுவனமான பிஎஸ்என்எல் வழக்கம்போல் கொஞ்சம் தாமதமாக வந்தது. மூவரும் பெரிய எழுத்தில் அன்லிமிடெட் என்றார்கள். மூவரும் தொடக்கத் திட்டத்தின் பொடி எழுத்தில் 3,300 ஜிபி என்றார்கள். கடுமையான போட்டிச் சந்தையாம். ஒரு ஜிபிகூட வித்தியாசம் இல்லை.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். 30 எம்பிபிஎஸ் இணைப்பை முழு வேகத்தில் ஓடவிட்டால் இந்த முடிவிலி பத்து நாளில் முடிகிறது. 100 எம்பிபிஎஸ் என்றால் மூன்று நாள். 300 எம்பிபிஎஸ் என்றால் இருபத்து நாலரை மணி நேரம். அந்த 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு 1,499 ரூபாய். 399 கொடுத்தவருக்கும் அதே 3,300, 1,499 கொடுத்தவருக்கும் அதே 3,300. ஏறக்குறைய நாலு மடங்கு பணம் கொடுத்தவருக்குக் கிடைக்கும் கூடுதல் சலுகை, பத்து மடங்கு வேகமாகச் சுவரில் முட்டிக்கொள்ளலாம்.

எந்த வீட்டில் இருபத்து நாலு மணி நேரமும் முழு வேகத்தில் நெட் ஓடுகிறது என்று நிறுவனத்தார் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 4கே படத்துக்கு மணிக்கு 7 ஜிபி செலவாகும் என்று நெட்ஃபிளிக்ஸே சொல்கிறது. அப்படிப் பார்த்தால் தினமும் பதினாறு மணி நேரம் படம் பார்த்தால்தான் 3,300 தீரும். நம் வீடுகள் அந்தச் சுவரின் நிழலைக்கூட மிதிப்பதில்லை. சரி. அப்படியென்றால் சுவர் எதற்கு? யாருமே தொடாத எல்லையால் யாருக்கு என்ன மிச்சம்?

இங்கேதான் ஒப்பாரி ஆரம்பிக்கிறது. கட்டுப்படியாகாது. அளவில்லாமல் கொடுத்தால் தொழில் தாங்காது. ஒரு சிலர் அசுரத்தனமாக இறக்கித் தள்ளுகிறார்கள், மற்றவர்கள் அவதிப்படுகிறார்கள். மெஸ்ஸில் அளவில்லாச் சாப்பாடு போட்டவர், பத்து பேர் சோற்றை ஒருவரே தின்றுவிட்டுப் போனார் என்று அழுவதுபோல் சொல்கிறார்கள். சோறு தின்றால் தீரும். கண்ணாடி இழையில் ஓடும் ஒளி தீராது. விடியற்காலை மூன்று மணிக்கு நீங்கள் இறக்காத ஜிபியை அவர்கள் மூட்டை கட்டி மாலை எட்டு மணிக்கு எடுத்து விற்க முடியாது. அது அங்கேயே வீண்.

செலவு எங்கே ஆகிறது என்று அவர்களுக்குத் தெரியும். நமக்குத் தெரியக் கூடாது என்பதுதான் அவர்கள் கவலை. தெருவைத் தோண்டவும் கம்பத்தில் இழை கட்டவும் பணம் ஆகும். பெட்டிகளுக்கும் ஆட்களுக்கும் மின்சாரத்துக்கும் ஆகும். இழை ஒருமுறை வீட்டுக்கு வந்துவிட்டால் நீங்கள் 50 ஜிபி பார்த்தாலும் 500 ஜிபி பார்த்தாலும் அதன் செலவு ஒன்றுதான். நம் ஊரில் பரவலாக இருக்கும் ஜிபான் முறையில் ஓர் இழையின் 2.5 ஜிபிபிஎஸ் வேகத்தை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். 32 வீட்டுக்கும் 300 எம்பிபிஎஸ் விற்றால் விற்றது 9,600. கையிருப்பு 2,500. இது மோசடி இல்லை. உலகம் முழுக்க நெட் இப்படித்தான் ஓடுகிறது, ஏனென்றால் எல்லோரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை.

இரவு எட்டு முதல் பதினொன்றுவரை மட்டும் கிட்டத்தட்ட எல்லோரும் இழுக்கிறோம். நெரிசல் என்றால் அந்த மூன்று மணி நேரம்தான். வெளியிலிருந்து வாங்கும் அலைவரிசைக்கும் அந்த உச்ச நேரத்தை வைத்தே பெரும்பாலும் விலை பேசப்படுகிறது. அதிலும் யூட்யூப், நெட்ஃபிளிக்ஸ் வகையறாக்களின் படங்கள் கடல் கடந்து ஒவ்வொரு முறையும் வருவதில்லை. அந்த நிறுவனங்களே தங்கள் சர்வர்களை இணைய நிறுவனங்களின் கூடத்துக்குள் இலவசமாகக் கொண்டுவந்து வைக்கின்றன. நீங்கள் பார்க்கும் படம் பல நேரம் உங்கள் ஊருக்குள்ளிருந்தே புறப்படுகிறது. ஆக, நெரிசலைக் குறைக்கவேண்டுமென்றால் எட்டு மணிக் கூட்டத்தைக் கவனிக்க வேண்டும். மாதக் கணக்கு வைத்து நடுராத்திரியில் இறக்குகிறவரைப் பிடிப்பது நெரிசலைக் குறைக்காது. ஒரு குற்றவாளியை மட்டும் தயாரித்துக் கொடுக்கும்.

அந்தக் குற்றவாளி நாம் மட்டுமல்ல. 2023இல் இந்த நிறுவனங்களின் சங்கமான சிஓஏஐ இன்னொருவரையும் கூண்டில் ஏற்றியது. ஓடிடி நிறுவனங்கள் எங்கள் வலையை நிரப்புகின்றன, அவர்கள் 'நியாயமான பங்கு' தரவேண்டும் என்றது. அதே ஆண்டு ஐபிஎல்லை ஜியோசினிமா யாருக்கு ஒளிபரப்பியது? எல்லோருக்கும். எவ்வளவுக்கு? இலவசமாக. எந்தத் தரத்தில்? 4கே. அதே குழுமத்தின் ஜியோ சிஓஏஐயின் உறுப்பினர். 1,499 ரூபாய்த் திட்டத்தில் நெட்ஃபிளிக்ஸைச் சேர்த்துக் கட்டி விற்றதும் இதே ஜியோதான். ஒரு கையால் படத்தை ஊட்டிவிட்டு, மறு கையால் படம் பார்க்கிறான் என்று புகார் எழுதுவதற்குத் தனித்திறமை வேண்டும்.

இந்தப் 'பங்கு' கேட்கும் விளையாட்டைத் தென்கொரியா ஆடிப் பார்த்தது. வலைக் கட்டணம் பெரும்பாலான நாடுகளைவிடப் பத்து மடங்கு என்று சொல்லி 2024 பிப்ரவரியில் நேரலைக் காணொளித் தளமான ட்விட்ச் அங்கிருந்து மூட்டை கட்டியது. ஐரோப்பியத் தொலைத்தொடர்புக் கட்டுப்பாட்டாளர்களின் அமைப்பான பெரெக், இப்படி வசூலிக்கத் தகுந்த ஆதாரம் எதையும் காணவில்லை என்று 2022இலேயே எழுதிவைத்தது. நம்மவர்கள் அதைப் படித்திருக்க மாட்டார்கள். படித்தால் கேட்க முடியாதே.

வரம்பு இல்லாவிட்டால் வலை அறுந்துவிடும் என்பதற்கும் ஒரு சோதனை நடந்து முடிந்தது. 2020 மார்ச்சில் உலகமே வீட்டுக்குள் அடைந்தது. அமெரிக்காவில் மாத வரம்பு வைத்துப் பிழைத்த காம்காஸ்ட் அந்த மாதமே வரம்பைத் தூக்கி வைத்தது. பள்ளி, ஆபீஸ், சினிமா, கோயில் எல்லாம் ஒரே கம்பியில் ஓடின. வலை அறுந்து விழவில்லை. சில மாதங்களில் வரம்பு திரும்பி வந்தது. நெரிசல் மிகுந்தபோது வேண்டாதது, குறைந்தபோது அவசியமானது. பொறியியலில் இதற்கு விளக்கம் கிடையாது. வசூலில் உண்டு.

கட்டுப்படியாகாமல் போகும் ஒன்று இருக்கிறது. அது விலை. 399 ரூபாயைத் தெருக்கோடி கேபிள்காரரால் தாங்க முடியாது. பெரிய நிறுவனத்தால் முடியும், ஏனென்றால் நஷ்டத்தைப் போட வேறு பாக்கெட் இருக்கிறது. இந்தப் படத்தை நாம் ஏற்கெனவே பார்த்தோம். 2016 செப்டம்பரில் ஜியோ மொபைல் டேட்டாவை இலவசமாகக் கொட்டியது. 2018இல் ஏர்செல் திவாலானது. தமிழ்நாட்டில் லட்சக்கணக்கானோர் கையில் சிக்னல் இல்லாத சிம்மோடு கடை கடையாக அலைந்தார்கள். மற்றவர்கள் இணைந்தார்கள், அல்லது மறைந்தார்கள். 2024 ஜூலை முதல் வாரத்தில், மிஞ்சிய மூன்று தனியார் நிறுவனங்களும் அடுத்தடுத்த நாட்களில் கட்டணத்தை ஏற்றின. தொழில் ஆரோக்கியமாக இருக்க வேண்டுமாம். யாருடைய தொழில் என்று கேட்க அப்போது கடையில் வேறு ஆள் இல்லை.

காவல்காரர் எங்கே என்கிறீர்களா? தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தூங்கவில்லை. 2016 அக்டோபரில், வரம்பு தாண்டினாலும் வேகம் 512 கேபிபிஎஸ்ஸுக்குக் கீழே போகக் கூடாது என்று கம்பீரமாக ஆணையிட்டது. 2023 ஜனவரியில் அரசு, 2 எம்பிபிஎஸ்ஸுக்குக் குறைந்தது பிராட்பேண்டே இல்லை என்று வரையறையை மாற்றியது. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். வரம்பு தாண்டியவரை 1 எம்பிபிஎஸ்ஸில் கட்டிப்போட்டால் அரசின் கணக்கில் அவரிடம் பிராட்பேண்ட் இல்லை. பில் மட்டும் பிராட்பேண்ட் பில். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. இல்லாத பொருளுக்கு வரி வாங்க அரசுக்குக் கூச்சம் இல்லை. 399 என்று விளம்பரப்படுத்தியதை 470 ரூபாய் 82 காசாக வாங்க நிறுவனத்துக்கும் இல்லை.

ஆகவே அடுத்த முறை யாராவது டிவி விவாதத்தில் உட்கார்ந்து, அன்லிமிடெட் தாங்காது, கட்டணம் ஏறித்தான் ஆகவேண்டும் என்றால், அனுதாபப்பட்டுத் தலையாட்டாதீர்கள். உங்கள் தெருவில் இரவு ஒன்பது மணிக்கு எத்தனை வீடு, எவ்வளவு வேகம், எவ்வளவு நெரிசல் என்ற கணக்கை வெளியிடச் சொல்லுங்கள். அது அவர்கள் கணினியில் நொடிக்கு நொடி இருக்கிறது. 3,300 ஜிபியை, அன்லிமிடெட் என்ற எழுத்தின் அதே அளவில் அச்சடிக்கச் சொல்லுங்கள். இவற்றைக் கேட்க வேண்டியது டிராய். அது கேட்காவிட்டால், ஏன் கேட்கவில்லை என்று டிராயிடம் எழுதிக் கேளுங்கள்.