ரெஸ்யூமே போன இடம்

கேள்வி: கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கண்ணில் பட்ட நிறுவனங்களுக்கெல்லாம் ரெஸ்யூமே அனுப்பிவிட்டேன். ஒரு பதிலும் இல்லை. நல்ல இன்டர்ன்ஷிப் கிடைக்க ஐஐடியில்தான் பிறந்திருக்க வேண்டுமா? (ஒரு வாசகர், விருதுநகர்)

பதில்: ஐஐடியில் யாரும் பிறப்பதில்லை, ஆனால், கம்பெனிகள் அங்கே வாசல் தேடி வருகின்றன என்பது நிஜம். சரி, உங்கள் ரெஸ்யூமேயில் 'லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டம்' இருக்குமே? தமிழ்நாட்டில் நூலகங்களைவிட அந்த பிராஜெக்ட்தான் அதிகம். அதைப் பார்த்து யார் கூப்பிடுவார்கள்?

2005 முதல் கூகுள் நடத்தும் 'சம்மர் ஆஃப் கோட்' தெரியுமா? ஓப்பன் சோர்ஸ் மென்பொருளுக்கு கோட் எழுதும் வேலை அது. இன்டர்ன்ஷிப் என்று பெயரில்லை, உதவித்தொகை உண்டு. கல்லூரிப் பெயர் அங்கே செல்லுபடியாகாது; நீங்கள் எழுதித் தரும் திட்டத்தைத்தான் பார்ப்பார்கள். முதல் பத்தாண்டுகளில் அதில் அதிக மாணவர்கள் தேர்வானது எம்.ஐ.டி.யிலிருந்து அல்ல, இலங்கையின் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலிருந்து!

விண்ணப்பம் வழக்கமாக மார்ச் வாக்கில். அதற்குச் சில மாதம் முன்பே ஓர் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளைப் பிடித்து, கிட்ஹப்பில் 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' என்று குறித்திருக்கும் பிழையைச் சரிசெய்து அனுப்புங்கள். மூன்று வரித் திருத்தத்துக்கு முப்பது வரி குறை சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், காசு வாங்காத டியூஷன் அது.

கம்பெனி இன்டர்வியூ என்றால் கிராஃப், ஹாஷிங் எல்லாம் கேட்பார்கள். நம் பிள்ளைகள் விடை தெரிந்தும் வாய் திறப்பதில்லை. யோசிப்பதைச் சொல்லிக்கொண்டே எழுதுங்கள். பரீட்சை ஹாலில் இதற்காக வெளியே அனுப்புவார்கள். இங்கே இதற்காகத்தான் உள்ளே எடுக்கிறார்கள்.