அண்டாவோடு போன ஊர்

என் தாத்தாவைத் தாது வருஷப் பஞ்சத்தில் பிறக்க வைத்த பெருமை என்னையே சேரும்.

ஜாதக நோட்டில் ‘தாது வருஷம் ஐப்பசி மாதம்’ என்று இருந்தது. 1876-ல் தொடங்கிய அந்தப் பஞ்சத்தைப் பற்றி எங்கேயோ படித்திருந்தேன். விடுவேனா? வயிறு ஒட்டிய கொள்ளுப்பாட்டி, கஞ்சித்தொட்டி வரிசை, கைக்குழந்தையாகத் தாத்தா என்று குடும்ப வாட்ஸப் குரூப்பில் நீளமாக உருகினேன். சித்தி அழுகிற பொம்மை போட்டார். அப்பா மட்டும் போன் பண்ணினார். “நான் பொறந்தது 1958. அப்ப எங்கப்பாவுக்கு எம்பத்திரண்டு வயசாடா?” தமிழ் வருஷங்கள் அறுபதுக்கு ஒருமுறை சுற்றி வரும், 1936-ம் தாதுதான் என்பது அப்புறம்தான் உறைத்தது. சித்தி பொம்மையை எடுக்கவில்லை. அது இப்போது எனக்காகவாம்.

நான் தேடக் கிளம்பியது என்னவோ சின்ன விஷயம். கொள்ளுத்தாத்தா கும்பகோணத்துக்குப் பிழைக்க வந்தவர். எந்த ஊரிலிருந்து வந்தார்? அது தெரிந்தால் குலதெய்வம் தெரிந்துவிடும். அப்பாவைக் கேட்டால் “ஆத்துக்கு அந்தப் பக்கம்” என்பார். காவேரியா, அரசலாறா? “ஏதோ ஒண்ணு.” ஒன்று ஊருக்கு வடக்கே ஓடுகிறது, இன்னொன்று தெற்கே. ஆக, நான் தேடவேண்டிய இடம் மொத்த இந்தியா.

சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. 1909-லிருந்து நிற்கிற கட்டடம். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துக் காகிதமெல்லாம் உள்ளே உண்டு. ஒரு குயர் நோட்டும் நாலு பேனாவுமாகப் போய் இறங்கினேன். “எந்தத் தாலுகா, எந்தக் கிராமம்?” என்று கேட்டார்கள். அதைத் தெரிஞ்சுக்கத்தானே வந்திருக்கேன் என்றேன். பக்கத்தில் நின்ற ஆராய்ச்சி மாணவி சட்டென்று திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

சரி, பள்ளிக்கூடச் சான்றிதழ்களைப் பிடிப்போம் என்று சேகரித்தேன். பெரியப்பா, அப்பா, சித்தப்பா எல்லாருமே ஜூன் மாதத்தில் பிறந்திருந்தார்கள். இதை வம்சத்தின் விசேஷம் என்று சிவப்பு மையில் குறித்தும் வைத்தேன். கையைத் தலைக்கு மேலே சுற்றி எதிர்ப்பக்கத்துக் காதைத் தொட்டால் அஞ்சு வயசு, தொட்ட பிள்ளைக்குத் தலைமையாசிரியரே ஒரு ஜூன் தேதியைப் போட்டுவிடுவார் என்ற சங்கதியை அப்பா பிறகு சொன்னார். இன்றைக்கும் அந்தத் தலைமையாசிரியர்தான் எங்கள் வீட்டில் கேக் வெட்டும் தேதியைத் தீர்மானிக்கிறார்.

பிறகு ஒரு ஆப். வம்ச மரத்தை அதுவே வரைந்து தருமாம். எங்கள் தாத்தா கட்டிக்கொண்டது சொந்த அக்கா மகளை. அதனால் தாத்தாவின் அக்காவே அவருக்கு மாமியார். ஆப்புக்கு இது பிடிபடவில்லை. “இருவரும் ஒரே நபரா?” என்று கேட்டது. நம்மைப் பற்றித் தப்பாக நினைக்குமே என்று ‘இல்லை’யை அழுத்தினேன். இப்போது எங்கள் மரத்தில் ஒரே கிழவி இரண்டு கிளையில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு தடவை செத்தும் போயிருக்கிறார்.

ஆராய்ச்சிதான் வரவில்லை, இருப்பதையாவது பாதுகாப்போம் என்று போட்டோவில் கை வைத்தேன். ஸ்டூடியோவில் எடுத்த தாத்தா பாட்டி கல்யாணப் படம். பின்னால் வரைந்த மாளிகை, பக்கத்தில் குரோட்டன்ஸ் தொட்டி, ரெண்டு பேர் முகத்திலும் ஒரே திகில். சுவரில் ஓதம் ஏறி, படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்து போட்டோவின் மேல்பூச்சு ஜெலட்டின். ஈரம் பட்டால் அது பசைதான். விவரம் தெரிந்தவர்கள் கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் எடுத்துவிட்டு மற்றதை யோசிப்பார்கள். நான் பிளேடு எடுத்தேன்.

தாத்தாவின் மீசை கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. மிச்சத்தையாவது காப்பாற்றுவோம் என்று லேமினேஷன் கடைக்கு ஓடினேன். அது சூட்டில் இளகிப் பிடிக்கிற பசை. உரித்தால் படமும் கூடவே வந்துவிடும் என்று உள்ளே விட்டு எடுத்த பிறகுதான் கடைப் பையன் சொன்னான். பாட்டியின் மூக்கின் மேல் ஒரு காற்றுக் குமிழ் நின்றுவிட்டது. பார்க்கிறவர்கள் “அந்தக் காலத்திலேயே எவ்வளவு பெரிய வைர மூக்குத்தி!” என்கிறார்கள். நானும் மறுப்பதில்லை.

பாட்டியின் குரலையும் அழித்தவன் நானே. ஷார்ஜாவிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த டூ-இன்-ஒன்னில் பாட்டி பழைய கதையெல்லாம் பேசிய கேசட் ஒன்று இருந்தது. யாரும் அழிக்கக் கூடாதென்று சித்தப்பா அதன் மேல்விளிம்பில் இருந்த ரெண்டு பிளாஸ்டிக் பல்லையும் உடைத்து வைத்திருந்தார். அந்த ஓட்டைகளில் செல்லோடேப் ஒட்டினால் மறுபடி ரெக்கார்ட் ஆகும் என்பதைப் பன்னிரண்டு வயதில் நானாகவே கண்டுபிடித்து, ரேடியோவில் வந்த சினிமாப் பாட்டைப் பிடித்தேன். என் வாழ்நாளின் ஒரே விஞ்ஞானக் கண்டுபிடிப்பு அது.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. அந்த அண்டா சமாசாரம்தான் இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது.

பழைய பத்திரம் ஏதாவது கிடைக்குமா என்று பரணைக் குடைந்தேன். டிரங்குப் பெட்டிக்குப் போகிற வழியை மறித்துக்கொண்டு களிம்பேறிய பித்தளை அண்டா ஒன்று உட்கார்ந்திருந்தது. இறக்கி எடைக்குப் போட்டு நான்ஸ்டிக் செட்டாக மாற்றினேன். டிரங்குப் பெட்டியில் காலாவதியான ரேஷன் கார்டும் கரைந்துபோன அந்துருண்டையும் இருந்தன.

தீபாவளிக்கு வந்த அத்தை கேட்டார்: “அண்டா எங்கடா? அது கழுத்துல எங்க தாத்தா பேரு, ஊரு, வருஷம் எல்லாம் வெட்டியிருக்குமே. இரவல் கொடுத்தா திரும்பி வரணும்னு ஊர்ப் பேரோட வெட்டி வச்சாரு.”

“என்ன ஊர் அத்தை?”

“நான் எங்க படிச்சேன்? அதுல ஒளிஞ்சு விளையாடினதோட சரி.”

அம்மாவுக்கும் தெரியவில்லை. புளி போட்டுத் தேய்த்தவருக்குப் படிக்க ஏது நேரம்? கடைக்கு ஓடினால், “உருக்கப் போயிருக்கும் சார். இல்லேன்னா ஓட்டல்காரங்க பூ போட்டு வைக்க வாங்கியிருப்பாங்க” என்றார்கள். அந்த ‘இல்லேன்னா’வை நம்பித்தான் இப்போது ஓட்டல் ஓட்டலாக ஏறி இறங்குகிறேன். ஓரிடத்தில் வாசல் அண்டாவைச் சுற்றி நான் மண்டி போட்டு வருவதைப் பார்த்த காவலாளி, “கை கழுவுற இடம் உள்ள சார்” என்றார். நான்ஸ்டிக் இதற்குள் உரிந்துவிட்டது.

உங்கள் வீட்டு வரவேற்பறையிலோ, உங்களுக்குத் தெரிந்த ஓட்டல் வாசலிலோ, ஒரு பக்க வளையம் மட்டும் இரும்பில் மாற்றிப் போட்ட பித்தளை அண்டா இருந்தால், பூவை ஒதுக்கிவிட்டுக் கழுத்தைப் பாருங்கள். அண்டா எனக்கு வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயர் என்ன போட்டிருக்கிறது என்று மட்டும் படித்துச் சொல்லிவிடுங்கள்.