ஆச்சரியக்குறியும் கள்ளக்குறிச்சி மாவட்டமும்: ஒரு மூல ஆய்வு

லத்தீன் மொழியில் மகிழ்ச்சி பொங்கினால் ‘இயோ’ என்று கூவுவார்கள் என்றும், அதன் இரண்டு எழுத்துகளை மேலும் கீழுமாக அடுக்கியதில் பிறந்ததே ஆச்சரியக்குறி என்றும் மேலைநாட்டு அறிஞருள் ஒரு சாரார் கூறுவர். அவர்கள் திருக்கோவிலூர் வந்ததில்லை.

இக்குறியின் தத்துவம் முழுவதும் கள்ளக்குறிச்சி மாவட்ட எல்லைக்குள்ளேயே கிடக்கிறது என்று நிறுவுவதே நம் நோக்கம். மாவட்டம் உருவானதே 2019 நவம்பரில்தானே, குறி அதற்கு மூத்ததாயிற்றே என்பாருக்கு விடை: மாவட்டம் புதிது, மண் பழையது. ஊர்ப்பெயரிலேயே ‘குறி’ இருப்பதைச் சான்றாகக் காட்டும் மலிவான உத்தியை இவ்வாய்வு மேற்கொள்ளாது.

இலக்கணம்

வியப்பை ‘மருட்கை’ என்று பெயரிட்டு எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைக்கிறது தொல்காப்பியம். அது பிறக்கும் இடங்கள் நான்கு: முன்பு காணாத புதுமை, அளவு கடந்த பெருமை, நுண்ணிய சிறுமை, ஒன்று வேறொன்றாகும் ஆக்கம். குறிக்கோ கோடு, புள்ளி என உறுப்பு இரண்டே. நான்கு எவ்வாறு இரண்டில் அடங்கும் எனின், கோடு பெருமை, புள்ளி சிறுமை, புள்ளி எழுந்து கோடானது ஆக்கம், இதை நமக்கு முன் யாரும் சொல்லாதது புதுமை.

சான்று

திருக்கோவிலூரில் உலகளந்த பெருமாள் ஒரு காலை விண்ணுக்கு உயர்த்தி நிற்கிறார். குள்ள உருவில் வந்து மூன்றடி மண் கேட்ட வாமனரே புள்ளி. அடுத்த கணம் வானளாவிய திரிவிக்கிரமரே கோடு. அந்த மூலவர் திருமேனி மரத்தாலானது என்பதை இங்கே அடிக்கோடிட வேண்டும். காரணம், இம்மாவட்டத்தின் மரச்சிற்பக் கலை 2021-இல் புவிசார் குறியீடு பெற்றது.

சிற்பியின் பட்டறையில் அருகே அமர்ந்து பார்த்தால் ஐயம் முற்றும் தீரும். வாகைப் பலகையில் உளியை வைத்துக் கொட்டாப்புளியால் ஒரு தட்டு. வெட்டு மேலே அகன்று தொடங்கி, கீழே வரவர மெலிந்து முடிகிறது. அந்த முனையில் ஒரு சில்லு பெயர்ந்து, சுருண்டு, சற்றுத் தள்ளி விழுகிறது. கோடும் புள்ளியும் ஆயிற்று. சிற்பி அதை ஊதித் தள்ளிவிட்டு அடுத்த வெட்டுக்குப் போகிறார். ஒரு நாளில் எத்தனை ஆச்சரியக்குறிகள் தரையில் கூட்டி அள்ளப்படுகின்றன என்பதைக் கலை வரலாறு இன்னும் கணக்கில் எடுக்கவில்லை.

அமெரிக்கச் சிற்பி ரிச்சர்ட் ஆர்ட்ஷ்வாகர் 2008-இல் ஆச்சரியக்குறியையே தனிச் சிற்பமாக்கினார். வெளியே பச்சை மஞ்சளில் சிலிர்த்து நிற்கும் பிளாஸ்டிக் இழைகள். உள்ளே மகோகனி மரம். உள்ளே மரம் என்பது போதும், மேற்கொண்டு வாதம் தேவையில்லை.

தடையும் விடையும்

அற்றேல், கல்வராயன் மலையின் மேகம் அருவியை ஏன் விட்டீர், மேலிருந்து இறங்கும் நீர் கோடும் கீழே தேங்கும் குட்டை புள்ளியும் அல்லவோ எனின், விடவில்லை. அது பருவகாலச் சான்று. கோடையில் நீர்வரத்து நின்றால் கோடு மறைந்து குட்டை மட்டும் எஞ்சும். ஆச்சரியக்குறி முற்றுப்புள்ளியாகத் தேயும் இடம் உலகில் வேறு உண்டோ என்பது மேலாய்வுக்கு உரியது.

திரிபு

குறி இன்று மருட்கையை விட்டு அச்சத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது. பல நாட்டுச் சாலைகளில் முக்கோணத்துக்குள் தனியே நின்று முன்னே ஆபத்து என்கிறது; டயரில் காற்று இறங்கினால் கார் முகப்பில் எரிகிறது. மலைப்பாதைக் கொண்டையூசி வளைவில் பயணிக்கு இரண்டு மெய்ப்பாடும் சேர்ந்தே வருவதால் அங்கு மட்டும் சிக்கலில்லை.

பெருமிதத்துக்குக் குடிபெயர்ந்த குறிகளோ ஃப்ளெக்ஸ் பேனர்களில் வாழ்கின்றன. பழைய ஆங்கிலத் தட்டச்சுப் பொறிகள் பலவற்றில் இக்குறிக்குத் தனி விசை கிடையாது. மேற்கோள் கீற்றைத் தட்டி, ஓரிடம் பின்னால் நகர்த்தி, அதன் அடியில் முற்றுப்புள்ளி வைக்க வேண்டும். மொத்தம் மூன்று தட்டு. வாமனர் கேட்டதும் மூன்றடி. மூன்று தட்டுவதற்குள், இதற்குப் போய் வியக்க வேண்டுமா என்று யோசிக்க அவகாசம் இருந்தது. இன்று காதணி விழா பேனரில் ‘வருக’வுக்கு ஒன்று, அடுத்த ‘வருக’வுக்கு இரண்டு, தாய்மாமன் பெயருக்கு மூன்று. காது குத்தப்படும் குழந்தையின் பெயருக்கு ஒன்றும் இல்லை.

முடிபு

ஆகவே, பேனரில் இடம்பெறும் ஒவ்வோர் ஆச்சரியக்குறியும் இனி வாகை மரத்தில் கையால் செதுக்கிப் பொருத்தப்பட வேண்டும் எனப் பரிந்துரைக்கிறோம். மூன்று வேண்டும் தாய்மாமன் மூன்றுக்கும் கூலி தரட்டும். சிற்பிகளுக்கு வேலை பெருகும், அல்லது ஊரில் வியப்பு குறையும். எது நடந்தாலும் மாவட்டத்துக்கு நன்மையே. இக்கட்டுரைக்கும் ஒன்று செதுக்கித் தரச் சொல்லிச் சின்னசேலத்தில் விலை கேட்டிருக்கிறோம். கொட்டேஷன் வராததால் இதுவரை ஒன்றும் பயன்படுத்தவில்லை.